முகச் சுருக்க க்ரீம்: எது உள்ளே போகிறது, எது மேலேயே நிற்கிறது?

9 மார்ச், காலை: ராயபுரம் வாசகி ஒருவரின் கேள்வி

அக்கா, எனக்கு 42 வயசு. கண்ணோரத்துல கோடு விழ ஆரம்பிச்சிடுச்சு, கன்னத்துல மங்கு வேற. கூட வேலை பார்க்கிற பொண்ணு ஒரு கொலாஜன் க்ரீமும் ஒரு சீரமும் காட்டினா, ரெண்டும் சேர்த்து 2,600 ரூபா. பத்து வயசு குறைஞ்சா மாதிரி தெரியும்னு டப்பாவுல போட்டிருக்கு. நீங்க மெடிக்கல் ஷாப்ல இருக்கீங்க, சொல்லுங்க, நிஜமாவே வேலை செய்யுமா, காசு தண்டமா?

9 மார்ச், இரவு 10.40

கொலாஜன் க்ரீமை வாங்காதீங்க மா. சீரம் என்ன சீரம் என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தோலின் மேல் அடுக்கு முழுக்கச் செத்த செல்கள். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லாத அடுக்கு அது. ஆனாலும் வெளியிலிருந்து எதையும் லேசில் உள்ளே விடாது. அதன் வேலையே அதுதான். மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறுகளை எடை போடும் அலகு) மேலே போனால் அந்த அடுக்கைத் தாண்டுவது கஷ்டம் என்று 2000-ஆம் ஆண்டில் இரண்டு ஆய்வாளர்கள் எழுதினார்கள், இன்றுவரை அந்தக் கணக்கைத்தான் மருந்து செய்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கொலாஜனின் எடை சுமார் 3 லட்சம் டால்டன். எப்படி உள்ளே போகும்? மேலே படலமாக உட்காரும், கொஞ்சம் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சாயங்காலம் வரை முகம் வழவழப்பாக இருக்கும், கழுவினால் தண்ணீரோடு போய்விடும். அந்த வேலையை 60 ரூபாய் வாசலினே செய்யும்.

சுருக்கம் விழுவது அதற்குக் கீழே இருக்கும் அடுக்கில். அங்கே ஃபைப்ரோபிளாஸ்ட் என்ற செல்கள்தான் கொலாஜனைத் தயாரிக்கின்றன. வயது ஏற ஏற அந்தத் தயாரிப்பு குறையும், வெயில் பட்டால் இருக்கிற கொலாஜனை அறுக்கும் நொதிகள் கூடும். ஆக ஒரு க்ரீம் நிஜமாகவே வேலை செய்ய வேண்டும் என்றால் இரண்டில் ஒன்றைச் செய்தாக வேண்டும். இருக்கிற கொலாஜன் உடையாமல் காக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் செல்களைப் புதிதாகச் செய்ய வைக்க வேண்டும். முதலாவதுக்கு சன்ஸ்க்ரீன், இரண்டாவதுக்கு வைட்டமின் ஏ குடும்பம். இந்த இரண்டுக்கும் இருக்கிற அளவுக்கு ஆதாரம் வேறு எதற்கும் கிடையாது. மீதியெல்லாம் அதற்கு அப்புறம்.

10 மார்ச், மதியம்

"சன்ஸ்க்ரீன் வெள்ளைக்காரங்களுக்குத்தானே, நாம கறுப்பு, நமக்கு எதுக்கு" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

நம் கடை தண்டையார்பேட்டையில் மெயின் ரோட்டிலேயே இருக்கிறது. துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கும்போது டிரைவர்கள் இறங்கி வந்து தலைவலி மாத்திரை, மூவ், ஓஆர்எஸ் என்று வாங்குவார்கள். கல்லாவுக்கு எதிரில் நிற்பவரின் முகத்தைச் சும்மா பாருங்கள். இருபது வருடம் ஓட்டியவருக்கு வலது கன்னமும் வலது முழங்கையும் ஒரு நிறம், இடது பக்கம் வேறு நிறம். வலது கண்ணோரத்தில் கோடு ஆழமாக இருக்கும், கன்னத்தில் தோல் தடித்து சொரசொரப்பாகத் தெரியும். நம் ஊரில் ஜன்னல் வலது பக்கம். அமெரிக்காவில் 28 வருடம் வண்டி ஓட்டிய 69 வயது டிரைவர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு பெரிய மருத்துவ இதழில் வந்தது. அவருக்கு இடது பாதி முகம் மட்டும் தொங்கிச் சுருங்கி இருந்தது, ஏனென்றால் அங்கே ஜன்னல் இடது பக்கம். ஒரே ஆள், ஒரே வயது, ஒரே சாப்பாடு. பக்கத்துக்குப் பக்கம் மாறியது வெயில் மட்டும்.

அவர் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்தால்கூடப் பெரிதாகத் தப்பியிருக்க மாட்டார். வெயிலில் இரண்டு வகைப் புற ஊதாக் கதிர் நம்மேல் படுகிறது. யூவிபி மேல்தோலைச் சுடும், கண்ணாடி அதைப் பெரும்பாலும் நிறுத்திவிடும். யூவிஏ ஆழமாகப் போய்க் கொலாஜன் இருக்கும் இடம் வரை தொடும், சாதாரணக் கண்ணாடியைத் தாண்டியே வரும். பஸ் ஜன்னல் சீட்டுக்காரர்கள், ஆபீஸில் ஜன்னல் பக்கம் மேஜை உள்ளவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாட்டிலில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் யூவிபிக்கு மட்டும். யூவிஏவுக்குப் பக்கத்தில் பிஏ என்று போட்டு பிளஸ் குறிகள் இருக்கும், நாலு பிளஸ் இருந்தால் நல்லது. எஸ்பிஎஃப் 30 யூவிபியில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 சுமார் 98. அதனால் 50-ஐத் தாண்டிய எண்ணுக்கு கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

கறுப்புத் தோலில் மெலனின் என்ற நிறப்பொருள் அதிகம், அதனால் நமக்குச் சுருக்கம் வெள்ளைக்காரர்களைவிடத் தாமதமாக வரும். அது உண்மை, நமக்குக் கிடைத்த பாக்கியம். ஆனால் நம் தோலில் வயது முதலில் நிறத்தில்தான் தெரியும். மங்கு, திட்டுத் திட்டாகக் கருமை, கண்ணைச் சுற்றிக் கருவளையம், பருக்கள் போன இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புள்ளி. சுருக்கம் வரும் முன்பே இவை வந்துவிடும். வெயில் இவற்றை இன்னும் கருக்க வைக்கும்.

10 மார்ச், இரவு

ஆதாரம் கேட்டவருக்கு: ஆஸ்திரேலியாவில் நம்பூர் என்ற ஊரில் 903 பேரை வைத்து நாலரை வருடம் பார்த்தார்கள். ஒரு பாதிப் பேர் தினமும் சன்ஸ்க்ரீன், மறு பாதிப் பேர் தங்கள் இஷ்டப்படி. புறங்கையின் தோல் வரிகளை அச்செடுத்து ஒப்பிட்டதில், தினமும் போட்டவர்களுக்குத் தோல் மூப்பு 24 சதவீதம் குறைவு. முடிவு 2013-இல் வந்தது. அவர்கள் போட்டது எஸ்பிஎஃப் 15 வகைதான்.  விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை, தினமும் என்பதுதான் தேவை.

12 மார்ச்

அளவு. எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இது. பாட்டிலில் இருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதித்து வந்தது. முகத்துக்கும் கழுத்துக்கும் அப்படிக் கணக்குப் போட்டால் ஒரு கிராமுக்கு மேல் வரும். ஆள்காட்டி விரல், நடு விரல் இரண்டிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கினால் கிட்டத்தட்ட அவ்வளவு. 50 கிராம் டியூப் ஒருவருக்கு ஒன்றரை மாதம்கூட வரக் கூடாது. ஆறு மாதமாக ஒரே டியூப் ஓடுகிறது என்றால் பொட்டு வைக்கிற அளவில் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

வாங்க முடியாதவர்கள் குடை பிடியுங்கள். காசிமேட்டில் மீன் கூடை வைத்து உட்காருகிற அம்மாக்கள் தலையில் துண்டைப் போட்டு முகத்துக்கு நிழல் வரும்படி முன்னால் இழுத்துவிட்டுக் கொள்வார்கள், அது நல்ல வழக்கம். கோடையில் சென்னையில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது சாதாரணம். 11 என்றாலே உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் கடைசிப் படி, அதற்கு மேல் படியே இல்லை.

15 மார்ச், இரவு

இப்போது வைட்டமின் ஏ. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் காசை எதிலாவது போட வேண்டும் என்றால் இதில்தான்.

பெயர்கள் நிறைய இருக்கும், குழம்ப வேண்டாம். ரெட்டினைல் பால்மிடேட், ரெட்டினால், ரெட்டினால்டிஹைடு, கடைசியில் ரெட்டினாயிக் அமிலம். தோல் செல் எடுத்துக்கொள்வது கடைசியில் உள்ளதை மட்டும். முதலில் உள்ளதைப் போட்டால் தோல் அதைப் படிப்படியாக மாற்ற வேண்டும், ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் வீணாகும். அதனால் ரெட்டினைல் பால்மிடேட் போட்ட க்ரீம் ரொம்பச் சாது, ரெட்டினால் நடுத்தரம். ட்ரெட்டினாயின் என்று மருந்துக் கடையில் டியூபில் வருவது ரெட்டினாயிக் அமிலமேதான். அது செல்லின் உட்கருவில் இருக்கும் ஏற்பிகளோடு ஒட்டிக்கொண்டு மரபணுக்களையே ஏவும்: கொலாஜன் தயாரிப்பு கூடும், கொலாஜனை அறுக்கும் நொதி அடங்கும், மேல்தோல் வேகமாகப் புதுப்பிக்கப்படும், நிறத்திட்டுகள் மெல்ல மெல்லக் கலையும்.

1971-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது பருவுக்குத்தான். ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர், பருவுக்குப் போட்ட நடுவயதுப் பெண்கள் முகம் வழவழப்பாகிறது என்று சொன்னதைக் கவனித்து, வயதான தோலில் சோதித்து 1986-இல் எழுதினார். 1988-இல் மிச்சிகனில் ஒரு கையில் மருந்து, மறு கையில் வெறும் க்ரீம், எது எதில் என்று போடுபவருக்கும் தெரியாது, பார்ப்பவருக்கும் தெரியாது, 16 வாரம் என்று சோதித்தார்கள். மருந்து போட்ட கை தெளிவாக மாறியிருந்தது. 1995-இல் மெல்லிய சுருக்கத்துக்கும் அனுமதி வந்தது. எந்த அழகு சீரத்துக்கும் இப்படி ஒரு சோதனை வரலாறு கிடையாது.

அதே கிளிக்மன் 1951 முதல் 1974 வரை ஃபிலடெல்ஃபியாவில் ஒரு சிறையில் கைதிகளின் தோலில் எத்தனையோ பொருள்களைப் பூசிப் பார்த்தார். பெரும்பாலும் கறுப்பின ஆண்கள், என்ன பூசுகிறார்கள் என்றே பலருக்குச் சொல்லப்படவில்லை. இந்த டியூபை எடுத்துக் கொடுக்கும்போது எனக்கு அது ஞாபகம் வரும். மருந்து நல்ல மருந்து. அது வந்த வழியில் அநியாயமும் இருந்தது என்பதையும் தெரிந்துகொண்டு போடுங்கள்.

எப்படிப் போடுவது: டாக்டரிடம் காட்டி, 0.025 சதவீதத்தில் தொடங்குவார்கள். ராத்திரி மட்டும். முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கண் இமை, உதட்டோரம், மூக்கு மடிப்பு வேண்டாம். முதலில் வாரம் இரண்டு ராத்திரி, பொறுத்துக்கொண்டால் ஒன்றுவிட்டு ஒருநாள். முன்னும் பின்னும் மாய்ஸ்சரைசர் போட்டால் எரிச்சல் குறையும். முதல் மாதம் தோல் உரியும், கன்னம் சிவக்கும், சாம்பாரில் மிளகாய் தெறித்தால்கூடச் சுரீர் என்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாயைச் சுற்றிச் செதில் செதிலாக உரிந்து, கடைக்கு வருபவர்கள் "என்ன மா, அம்மை போட்டு எழுந்தீங்களா" என்று கேட்டார்கள். நான் நிறுத்தவில்லை, இடைவெளியைக் கூட்டினேன். மூன்றாம் மாதத்துக்கு மேல்தான் நெற்றிக் கோடு இளகியது. மூக்கோரத்திலிருந்து வாய் வரை இறங்கும் ஆழமான மடிப்பு அப்படியேதான் இருக்கிறது. அதை எந்த க்ரீமும் எடுக்காது.

16 மார்ச்

முக்கியம், தனியாகப் போடுகிறேன். கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் ட்ரெட்டினாயின், ரெட்டினால் எதுவும் போடக் கூடாது. ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அப்புறம், இதைப் போடுகிற நாட்களில் பார்லரில் மேல் உதடு த்ரெடிங், வேக்ஸிங், ப்ளீச் வேண்டாம். தோல் மெலிந்திருக்கும்போது நூலோடு சேர்ந்து உரிந்து வரும், நான் பார்த்திருக்கிறேன், ஒரு பொண்ணுக்குப் புருவத்துக்குக் கீழே பட்டை போல உரிந்து வந்துவிட்டது.

21 மார்ச்

ராயபுரம் தங்கச்சி சீரத்தின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினார். வைட்டமின் சி, ஹைலுரோனிக் அமிலம், ஏதோ ஒரு பெப்டைடு (புரதத்தின் சின்னத் துண்டு).

ஹைலுரோனிக் அமிலமும் பெரிய மூலக்கூறுதான், உள்ளே போகாது. ஆனால் தண்ணீரைப் பிடித்து வைக்கும். உலர் திராட்சையை ஊற வைத்தால் சுருக்கம் உப்பி மறைவது மாதிரி, சில மணி நேரத்துக்கு மெல்லிய கோடுகள் தெரியாது. கல்யாண வீட்டுக்குப் போகும் அன்றைக்குப் பிரயோசனம். அதை மருத்துவம் என்று நினைக்காதீர்கள், அவ்வளவுதான்.

வைட்டமின் சி கொஞ்சம் சிக்கலான விஷயம். எல்-அஸ்கார்பிக் அமிலம் சின்ன மூலக்கூறு, உள்ளே போகும். கொலாஜன் கட்டப்படவே வைட்டமின் சி வேண்டும், வெயில் செய்யும் சேதத்தையும் அது ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே போக வேண்டும் என்றால் திரவத்தின் அமிலத்தன்மை பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும், 20 சதவீதத்துக்கு மேல் போட்டுப் பயனில்லை. எல்லாவற்றையும்விட மோசம், அது காற்றும் வெளிச்சமும் சூடும் பட்டால் கெட்டுப்போகும். வாங்கும்போது தண்ணீர் மாதிரி, அல்லது லேசான மஞ்சளாக இருக்கும். நம் ஊரில் ஏப்ரல் மாதம் கரண்ட் போய் ஃபேன் நின்ற அறையில் ட்ரெஸ்ஸிங் டேபிள் மேல் சில வாரம் இருந்தால் டீ டிகாஷன் நிறத்துக்கு வந்துவிடும். அதற்கு அப்புறம் அதில் வைட்டமின் சி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. ஃபெருலிக் அமிலமும் வைட்டமின் ஈ-யும் சேர்த்திருந்தால் கொஞ்சம் நிலைத்து நிற்கும். வாங்குவதானால் சின்ன, அடர் நிற பாட்டில், ஃப்ரிட்ஜ் கதவில் வையுங்கள்.

பெப்டைடு: சோதனைகள் சின்னச் சின்னவை, நிறைய தயாரிப்பாளர்களே செய்தவை. இதற்காக ஒரு ரூபாய் அதிகம் கொடுக்க மாட்டேன்.

நியாசினமைடு (வைட்டமின் பி3-இன் ஒரு வகை) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனால் நம் தோலுக்கு நான் சொல்வது இதைத்தான். 4, 5 சதவீதம் போதும். மெலனின் பொட்டலங்கள் மேல் செல்களுக்குக் கைமாறுவதை அது குறைக்கும், தோலின் தடுப்பையும் பலப்படுத்தும், எரிச்சல் குறைவு, விலையும் குறைவு, வெயிலில் கெடாது.

2 ஏப்ரல்

"எங்க பாட்டி மஞ்சள் பூசியே எழுபது வயசுல பளபளன்னு இருந்தாங்க, இதெல்லாம் எதுக்கு?"

உங்கள் பாட்டி நிழலில் இருந்தாரா, வெயிலில் இருந்தாரா? என் அம்மா வழிப் பாட்டி கொருக்குப்பேட்டையில் வீட்டுக்குள் இருந்தவர், முகத்தில் ஒரு கோடு கிடையாது. அவருடைய தங்கை தலையில் கூடை வைத்து மீன் விற்றவர், அதே மஞ்சள்தான் இரண்டு பேரும் பூசினார்கள், அதே வம்சம், தங்கை அக்காவைவிடப் பத்து வயது மூத்தவர் மாதிரித் தெரிவார். மஞ்சளில் இருக்கும் குர்குமின் நல்ல பொருள்தான், தோல் வழியாக உள்ளே போவது ரொம்பக் குறைவு. பூசப் பிடித்தால் பூசுங்கள், கெடுதல் இல்லை, மஞ்சள் கிழங்கை நீங்களே உரசிக்கொள்ளுங்கள். எலுமிச்சைச் சாறு மட்டும் முகத்தில் வேண்டவே வேண்டாம். சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் தோல் வெந்து, கருமை மாதக்கணக்கில் நிற்கும்.

11 ஏப்ரல், இரவு 11.30

இதை எழுத வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

ராயபுரம் தங்கச்சி இன்றைக்குப் போகிற போக்கில் எழுதியிருக்கிறார்: "மங்குக்கு நாலு வருஷமா ஒரு டியூப் போடுறேன் அக்கா, கடையில சொன்னது, போட்டா நல்லா இருக்கு, விட்டா முகம் எரியுது." டியூபைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். நான் பயந்தது சரிதான். நிறத்தை வெளுக்கும் ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் என்ற ஸ்டீராய்டு, மூன்றும் சேர்ந்த கலவை.

இதற்கும் மூலம் கிளிக்மன்தான். 1975-இல் மங்குக்காக ஹைட்ரோகுவினோனையும் ட்ரெட்டினாயினையும் ஒரு ஸ்டீராய்டையும் சேர்த்து ஒரு கலவை எழுதினார். சில வாரம், டாக்டர் பார்வையில், அப்புறம் நிறுத்த வேண்டிய மருந்து. நம் ஊரில் அது சிவப்பழகு க்ரீம் ஆகிவிட்டது. மளிகைச் சீட்டில் எழுதி வாங்குகிறார்கள்.

ஸ்டீராய்டு பூசினால் ஒரே வாரத்தில் முகம் வெளுக்கும், வழவழப்பாகும், பரு அடங்கும். இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் வருகிற வெளுப்பு அது. சீரம் ஆறு மாதத்தில் செய்யாததை இது ஆறு நாளில் செய்யும், அதனால்தான் யாரும் விடுவதில்லை. ஆனால் உள்ளே அது செய்வது என்ன தெரியுமா? ஃபைப்ரோபிளாஸ்ட் கொலாஜன் செய்வதையே அடக்கிவிடும். முதல் நாள் எழுதினேனே, சுருக்க க்ரீம் என்றால் கொலாஜனைக் காக்க வேண்டும், கூட்ட வேண்டும் என்று. இது அதற்கு நேர் எதிர். இளமையாகத் தெரிய வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கித் தோலை முதுமையாக்கிக்கொள்கிறோம்.

பல வருடம் போட்ட முகம் கல்லாவுக்கு முன்னால் நிற்கும்போதே தெரியும். கன்னத்தில் சிவப்பு நூல் மாதிரி நரம்புகள், காகிதம் போல் மெலிந்து மினுமினுக்கும் தோல், தாடையோரம் பூனை முடி, நெற்றியில் ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள். அடுப்படியில் நின்றால் எரியும், வெயிலில் எரியும், டியூபை இரண்டு நாள் விட்டால் முகம் செக்கச்செவேல் என்று வீங்கும். அந்த எரிச்சல் தாங்காமல் திரும்பப் போடுவார்கள், மருந்து நல்ல மருந்து, விட்டதால்தான் இப்படி ஆச்சு என்பார்கள். சின்னச் சின்னப் பெண்கள், கல்லூரியில் படிக்கிறவர்கள். மனசு பதறுகிறது.

2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகைப் பூச்சு ஸ்டீராய்டுகளை எச் அட்டவணையில் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. பெயரில் மொமெட்டாசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. விற்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. நம் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த டியூபில் கிடைக்கிற லாபம் என்ன, பத்து இருபது ரூபாய். அதற்காக ஒரு பெண்ணின் முகத்தைக் கெடுக்காதீர்கள்.

12 ஏப்ரல், காலை

தங்கச்சி, ராத்திரி பயந்து டியூபைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரேயடியாக நிறுத்தினால் முகம் பொங்கும், நாலு வருடம் போட்டது. இன்றைக்கே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஓபி சீட்டு போட்டுத் தோல் பிரிவில் காட்டுங்கள். டியூபையோ, எனக்கு அனுப்பிய படத்தையோ கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை வருடம் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். படிப்படியாக விடுவதா, வேறு மருந்துக்கு மாற்றுவதா என்பதை அவர்கள் சொல்வார்கள். அதுவரை வாசலின் மாதிரி சாதாரணமானது ஒன்று, வாசனை இல்லாத சோப்பு, குடை. ரெட்டினால், வைட்டமின் சி எதுவும் இப்போது தொடாதீர்கள். நான் மேலே எழுதியதெல்லாம் நல்ல தோலுக்கு.

12 ஏப்ரல், இரவு

மங்கு பற்றி விட்டுப்போனது: கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் அதைக் கருக்க வைக்கும், வெறும் புற ஊதா மட்டும் இல்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் சன்ஸ்க்ரீன் அந்த வெளிச்சத்தையும் தடுக்கும். மங்கு உள்ளவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். சாம்பல் பூசின மாதிரித் தெரியாது என்பது கூடுதல் லாபம்.

25 ஏப்ரல்

ஃபாரினிலிருந்து வந்தது என்று ஒருவர் அனுப்பிய டப்பாவில் பொருள் பட்டியலே இல்லை. தயாரிப்பாளர் முகவரி இல்லை, இறக்குமதிப் பதிவு எண் இல்லை. தயவுசெய்து குப்பையில் போடுங்கள். ஒரே வாரத்தில் வெளுக்க வைக்கும் இந்த மாதிரி டப்பாக்களில் ஸ்டீராய்டு இல்லாவிட்டால் பெரும்பாலும் பாதரசம் இருக்கும். மெலனின் செய்யும் நொதியைப் பாதரசம் முடக்கும், தோல் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தில் சேரும். 2023-இல் கேரளாவில் மலப்புறம் பக்கம் ஒரே மாதிரிச் சிறுநீரகக் கோளாறோடு பலர் வந்தார்கள், விசாரித்ததில் பெரும்பாலானவர்கள் போட்டது வெளுக்க வைக்கும் க்ரீம். நம் நாட்டுச் சட்டத்தில் முகப்பூச்சில் பாதரசம் சேர்க்கவே கூடாது, தவறிக் கலப்பதுகூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இப்படி ஒன்றைப் போட்டவர்கள் கால் வீங்கினாலோ, சிறுநீர் நுரைத்துப் போனாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

6 மே, மதியம்

கத்திரி வெயில், கடையில் கூட்டம் இல்லை. விட்டுப்போன கேள்விகளுக்கு வருகிறேன்.

கொலாஜன் பவுடர் குடிக்கலாமா? வயிற்றுக்குள் போனால் அதுவும் புரதம்தான், உடைந்து துண்டுகளாகிறது. தோலின் ஈரம் கொஞ்சம் கூடியதாகச் சில சோதனைகள் சொல்கின்றன, பல சோதனைகளுக்குப் பணம் கொடுத்தது பவுடர் விற்பவர்கள். நிறைய பவுடர்கள் மீன் தோலிலும் செதிலிலும் இருந்துதான் வருகின்றன. அந்த விலைக்குக் காசிமேட்டில் வாரம் முழுக்க மத்தியும் நெத்திலியும் வாங்கி வீட்டோடு சாப்பிடலாம்.

மாதவிடாய் நின்ற பிறகு முகம் திடீரென்று தளர்ந்துவிட்டது என்று ஒரு அம்மா. உங்கள் கண் பொய் சொல்லவில்லை மா. ஈஸ்ட்ரோஜன் குறைந்த முதல் ஐந்து வருடத்தில் தோல் கொலாஜனில் சுமார் 30 சதவீதம் குறைகிறது. நானும் அதே கட்டத்தில்தான் இருக்கிறேன். உங்களுக்குத் தோல் காய்வதுதான் பெரிய தொந்தரவாக இருக்கும், குளித்துத் துவட்டிய ஈரத்தோடு கெட்டியான மாய்ஸ்சரைசர் போடுங்கள். சோப்பு காரத்தன்மை உள்ளது, நம் பக்கத்து போர்த் தண்ணீரும் உப்பு. முகத்துக்கு மட்டுமாவது காரம் இல்லாத ஃபேஸ்வாஷ் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழுத்துக் கருமைக்கு க்ரீம் கேட்பவர்கள்: பின்கழுத்தில் வெல்வெட் துணி மாதிரித் தடித்துக் கறுத்திருந்தால் அது அழுக்கோ வயதோ இல்லை, தேய்க்காதீர்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம், போய் சுகர் பாருங்கள். இரத்தத்தில் சர்க்கரை கூடினால் அது கொலாஜன் இழைகளோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைக்க வைக்கும், சுருக்கத்துக்கு அதுவும் ஒரு காரணம். சிகரெட் இன்னொரு காரணம். மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்கள், ஊரில் இருக்கும் புகை முகத்தைக் கெடுக்குமா என்று கேட்டார்கள். ஜெர்மனியில் வண்டிப் புகை அதிகம் உள்ள இடத்தில் வாழ்ந்த பெண்களுக்கு முகத்தில் நிறப்புள்ளிகள் அதிகம் என்று 2010-இல் ஓர் ஆய்வு வந்தது. வேலை முடிந்து வந்ததும் முகம் கழுவுங்கள் என்பது நான் சொல்லக்கூடியது. புகையைக் குறைக்க வேண்டியது க்ரீம் இல்லை.

19 மே

லேபிளைப் படிக்க ஒரு வழி. ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில்தான் எழுத வேண்டும், ஒரு சதவீதமும் அதற்குக் கீழும் இருப்பவற்றை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தி ஒரு சதவீதத்துக்கு மேல் அனேகமாக இருக்காது. டப்பாவின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருக்கும் பொருள் பின்பக்கத்தில் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்கு அப்புறம் வந்தால் அது பெயருக்குத்தான் போடப்பட்டிருக்கிறது. ரெட்டினாலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது அரை சதவீதத்திலேயே வேலை செய்யும். ரெட்டினாலை வாய் அகன்ற டப்பாவில் வாங்காதீர்கள், திறக்கத் திறக்கக் கெடும். டியூபோ பம்ப்போ நல்லது.

3 ஜூன்

ட்ரெட்டினாயின் தொடங்கிய பெரம்பூர்க்காரர் "ஏழு வாரம் ஆச்சு, கண்ணாடியில ஒண்ணும் தெரியல" என்கிறார். தெரியாது சார். மேல்தோல் ஒருமுறை முழுக்க மாறவே நம் வயதில் 40 நாளுக்கு மேல் ஆகும், கீழே கொலாஜன் சேர்வது அதைவிட மெதுவாக. கண்ணாடியை விடுங்கள். ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாமல் மாதம் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், ஆறாம் மாதம் முதல் போட்டோவோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் மாற்றம் இல்லை என்றால் டாக்டர் அளவைக் கூட்டுவார். காலையில் சன்ஸ்க்ரீன் போடாமல் ராத்திரி இதைப் போடுகிறவராக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள்.